சும்மா இருந்ததற்கு ஒரு ரசீது: டிராக்கர் செயலிகளை விசாரிக்கும் வடிவமைப்பு, தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காலடிகள், தூங்கிய நேரம், குடித்த தண்ணீர், கவனம் சிதறாமல் வேலை செய்த நிமிடங்கள், விடாமல் மொழிப்பாடம் படித்த நாள்கள் என்று நம்மை நாமே அளந்துகொள்ள உதவும் செயலிகளைப் பேச்சுவழக்கில் டிராக்கர் என்கிறோம். அவற்றைத் திறம்படப் பயன்படுத்துவது எப்படி என்றோ, அவற்றிலிருந்து விடுபடுவது எப்படி என்றோ இந்தக் கட்டுரை சொல்லப்போவதில்லை. எந்நேரமும் ஏதாவது உருப்படியாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று அவை நமக்குள் ஏற்படுத்தும் நெருக்கடியை, கையால் தொடக்கூடிய ஒரு பொருளைச் செய்து, அதைச் சிலருடைய வீட்டில் வைத்து, அதன் வழியாக விசாரிப்பது எப்படி என்பதே இதன் பொருள். இத்தகைய வேலைக்கு விமரிசன வடிவமைப்பு என்று பெயர்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் பணியாற்றிய ஆன்டனி டன், ஃபியோனா ரேபி ஆகிய இருவரும் 1990-களின் பிற்பகுதியில் இந்தப் பெயரையும் முறையையும் பரவலாக்கினார்கள். வழக்கமான வடிவமைப்பாளரிடம் ஒரு சிக்கலைக் கொடுத்தால் தீர்வோடு வருவார். இவர்களோ சிக்கல் என்று நாம் நினைத்திராத ஒன்றைப் பொருளாக்கிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். 2001-இல் அவர்கள் எட்டுப் பொருள்களைச் செய்து, விருப்பம் தெரிவித்தவர்களின் வீடுகளில் சில காலம் விட்டுவைத்தார்கள். அவற்றில் ஒன்று, மேற்பரப்பில் 25 திசைகாட்டிகள் பதித்த ஒரு மேசை. மடிக்கணினியையோ கைப்பேசியையோ அதன்மேல் வைத்தால் முட்கள் துடிக்கும். மேசை எதையும் தடுக்கவில்லை, எச்சரிக்கவுமில்லை. கண்ணுக்குத் தெரியாத மின்காந்தப் புலம் வீட்டுக்குள் இருப்பதை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. அதனுடன் வாழ்ந்தவர்கள் பிறகு சொன்ன கதைகள்தாம் அந்தப் பணியின் விளைச்சல்.

இதைத் தொடங்க உங்களுக்கு ஆறு வாரம், ஒரு கோடு போட்ட நோட்டு, அட்டை, பசை, உங்கள் பொருளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் மூன்று பேர் ஆகியவை போதும். நிரல் எழுதத் தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் நடக்கும். விளக்குவதற்கு வசதியாக, நான் செய்த ‘சும்மாப் பெட்டி’ என்ற ஒரே பொருளை உதாரணமாகக் கடைசிவரை எடுத்துச் செல்கிறேன்.

முதல் படி: இரண்டு வாரம் கீழ்ப்படியுங்கள்

இதைக் கற்க என் பயிலரங்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு தீர்ப்புடன் வருகிறார்கள். ‘இதெல்லாம் நம்மை அடிமையாக்கும் வேலை’ என்பது அந்தத் தீர்ப்பு. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, ஏதாவது ஒரு டிராக்கரை நிறுவி, அது தானாக வைக்கும் இலக்கை மாற்றாமல் ஏற்றுக்கொண்டு, அதன் அறிவிப்புகள் அனைத்தையும் அனுமதித்து, பதினான்கு நாள் அது சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. நோட்டில் மூன்று பத்திகள் போட்டு, எண்ணை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், பார்த்தவுடன் என்ன செய்தீர்கள், அப்போது உங்களை யார் பார்த்தார்கள் என்று எழுதிவாருங்கள். மூன்றாவது பத்தியைத்தான் எல்லோரும் வெற்றாக விடுகிறார்கள். எனக்கு மிகவும் பயன்பட்டதும் அதுதான்.

என் நோட்டில் ஒன்பதாம் நாள் குறிப்பு இப்படி இருக்கிறது: ‘இரவு 11.40. எண் 9,612. கூடத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, என்ன தேடறீங்க என்று கேட்டாள். ஒண்ணுமில்லை என்றேன்.’ மீதமிருந்த 388 அடிகளை அவள் படுத்த பிறகு மொட்டை மாடியில் நடந்து முடித்தேன். உடல்நலத்துக்காகச் செய்த காரியத்தை ஏன் மறைத்தேன் என்பது அப்போது எனக்கே விளங்கவில்லை. இப்படிப்பட்ட சிறு வெட்கங்களைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். அவை அகப்படாமல் இரண்டாம் படிக்குப் போவதில் பயனில்லை.

கருவி எங்கே தவறுகிறது என்பதையும் குறித்துவையுங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவி கையின் அசைவைக் கொண்டுதான் அடிகளைக் கணக்கிடுகிறது. ஆகவே கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது கை அசையாததால் பல அடிகள் விட்டுப்போகும். உட்கார்ந்த இடத்தில் துணி கும்மும்போது நடக்காத அடிகள் ஏறும். இந்தத் தவறுகள் பின்னால் உங்கள் வடிவமைப்புக்கு மூலப்பொருளாகும்.

இரண்டாம் படி: எண்ணின் பூர்வீகத்தை விசாரியுங்கள்

நீங்கள் கீழ்ப்படிந்த எண்ணை முதலில் யார், யாருக்காக எண்ணினார்கள் என்று தேடிப் பாருங்கள். நான் நள்ளிரவில் துரத்திய பத்தாயிரம், மருத்துவர் கொடுத்த எண் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸை ஒட்டி ஜப்பானில் நடைப்பயிற்சியில் ஆர்வம் பெருகியிருந்த வேளையில், 1965-இல் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து அதற்கு ‘மான்போ-கெய்’ என்று பெயரிட்டது. ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பது அதன் பொருள். ஜப்பானிய எழுத்தில் பத்தாயிரத்தைக் குறிக்கும் வடிவம் நடந்துபோகும் மனிதனைப் போலத் தோன்றுவதும் அந்த எண் நிலைத்துப்போனதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கடைக்குப் பொருத்தமான முழு எண்ணாக அது தொடங்கி, அரை நூற்றாண்டு கழித்து நம் கைப்பேசிகளின் இயல்பான இலக்காக வந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவில் சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் அந்தப் பயன் கூடாமல் நின்றுவிட்டது. நடை நல்லதுதான், ஆனால் பத்தாயிரத்துக்கென்று தனிச் சிறப்பு ஏதும் அந்த ஆய்வில் தென்படவில்லை.

வேலை நிமிடங்களை எண்ணும் செயலியை நீங்கள் தேர்ந்திருந்தால் பூர்வீகம் வேறு திசையில் போகும். ஒரு கிளை சமையலறைக்குப் போகிறது: 1980-களின் இறுதியில், இத்தாலிய மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவச் சமையல் கடிகாரத்தை முடுக்கிவைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியதிலிருந்து வந்ததுதான் 25 நிமிடத் தவணை முறை. இன்னொரு கிளை தொழிற்சாலைக்குப் போகிறது. அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்த தொழிலாளி ஒருவரை, நிறுத்துகடிகாரத்தின் கணக்குப்படி நடக்கவும் உட்காரவும் வைத்ததில் அவர் ஒரு நாளில் ஏற்றிய எடை பன்னிரண்டரை டன்னிலிருந்து நாற்பத்தேழரை டன்னாக உயர்ந்ததாக, தொழிலாளர் வேலையை நேரம் அளந்து நிர்வகிக்கும் முறையை வகுத்த பொறியாளர் ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் 1911-இல் எழுதினார். அந்தத் தொழிலாளியின் கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராகத்தான் உயர்ந்தது. இந்த இரண்டு விகிதங்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். எடை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி இரண்டு மடங்கு கூட இல்லை. நடுவில் உள்ள வித்தியாசம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதே எந்த டிராக்கரிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது உங்கள் எண் யாரிடம் போகிறது என்றும் பாருங்கள். கேரி வுல்ஃபும் கெவின் கெல்லியும் 2007-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் தன்னை அளந்துகொள்வோர் குழுவைத் தொடங்கியபோது, எண்கள் தன்னைத் தானே அறிந்துகொள்வதற்கானவை என்பதே நோக்கமாக இருந்தது. ஆனால் 2018-இல் ஜான் ஹான்காக் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம், தன் ஆயுள் காப்பீடுகள் அனைத்தையும் உடற்பயிற்சிப் பதிவுடன் இணைந்த வகையாக மாற்றுவதாக அறிவித்தது. 2020-இல் மைக்ரோசாஃப்ட், ஊழியர்கள் மின்னஞ்சலையும் கூட்டங்களையும் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பெயருடன் மேலாளருக்குக் காட்டும் மதிப்பெண்ணை அறிமுகப்படுத்தி, கண்டனம் எழுந்ததும் சில வாரங்களிலேயே தனியாள் பெயர்களை நீக்கிக்கொண்டது. உங்கள் செயலியின் தனியுரிமைக் கொள்கையை ஒருமுறையாவது முழுமையாகப் படியுங்கள். அலுப்பான வேலைதான், ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் ஆகாது.

மூன்றாம் படி: கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் கெட்டுப்போகின்றன. ‘செயலிகள் நம் நேரத்தைத் திருடுகின்றன’ என்பது கோஷம்; அதிலிருந்து சுவரொட்டி வருமே ஒழிய பொருள் வராது. ஒரு மனிதர், ஓர் எண், அந்த எண்ணைப் பெற்றுக்கொள்பவர் ஆகிய மூவரும் இருக்கும்படி கேள்வியை எழுதுங்கள். ‘வீட்டு வேலை செய்யும் பெண்ணின் காலடிகள் அவருக்குச் சம்பளம் கொடுப்பவரின் கைப்பேசியில் தெரிந்தால் என்ன நடக்கும்?’ என்பது ஒரு நல்ல கேள்வி. ‘தூக்க மதிப்பெண் குறைந்த நாளில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் எப்படி நடத்துவார்கள்?’ என்பது இன்னொன்று.

என் கேள்வி ‘சும்மா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. சும்மா வந்தேன் என்றால் காரியம் எதுவுமில்லாமல் வந்தேன் என்று பொருள். சும்மா கொடுத்தார் என்றால் விலையில்லாமல். சும்மா சொன்னேன் என்றால் விளையாட்டாக. சும்மா இரு என்றால் அசையாமல் அல்லது பேசாமல். இத்தனை பொருளும் கொண்ட ஒரு நிலைக்கு எந்த டிராக்கரிலும் பத்தி கிடையாது. அதிகபட்சம் ‘செயலற்ற நேரம்’ என்று சாம்பல் நிறத்தில் காட்டுவார்கள். ஆகவே நான் எழுதிக்கொண்டது: ‘சும்மா இருக்கும் நேரத்தையும் அளந்து, இலக்கு வைத்து, பாராட்டும் கொடுத்தால், அப்போதும் ஒருவரால் சும்மா இருக்க முடியுமா, அந்தக் கணக்கை அவர் யாரிடம் காட்ட விரும்புவார்?’ கேள்வி இப்படி அமைந்துவிட்டால் பொருளின் பாதி அதற்குள்ளேயே இருக்கும்.

நான்காம் படி: ஒரு உத்தியைத் தேர்ந்தெடுங்கள்

முன்னே நடந்தவர்களின் வேலைகளைப் பார்க்கும்போது, டிராக்கரை விசாரிக்கச் சில வழிகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஒன்று ஏமாற்றுவது. 2015-இல் டீகா பிரெய்ன், சூர்யா மட்டு என்ற இரு கலைஞர்கள் ‘அன்ஃபிட் பிட்ஸ்’ என்ற பெயரில் ஒரு போலி நிறுவனத்தை உருவாக்கி, காலடிக் கருவியை இசைக்கலைஞர் பயன்படுத்தும் தாளமானியில் கட்டுவது, மிதிவண்டிச் சக்கரத்தில் கட்டுவது, துளையிடும் கருவியில் மாட்டுவது என்று வரிசையாகச் செய்முறைகளை வெளியிட்டார்கள். மேசைமேல் தாளமானி தலையாட்ட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கணக்கில் அடிகள் ஏறிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் காப்பீட்டுச் சலுகை பெற உடற்பயிற்சிக் கணக்கு கேட்கப்படும்போது, நேரமும் வசதியும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. மேலே சொன்ன ஜான் ஹான்காக் அறிவிப்பு வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

இன்னொரு வழி, செயலியின் தர்க்கத்தை அது போகத் தயங்கும் எல்லைவரை கொண்டுபோய் விடுவது. லாரன் மெக்கார்த்தியும் கைல் மெக்டொனால்டும் உருவாக்கிய ‘பீப்பிள்கீப்பர்’ என்ற செயலி, மணிக்கட்டுப் பட்டையின் இதயத் துடிப்பை வைத்து, எந்த நண்பரைச் சந்தித்தபோது உங்களுக்குப் படபடப்பு ஏற்பட்டது என்று கணக்கிட்டு, உறவுகளை அதற்கேற்ப நிர்வகிக்க முன்வந்தது. மூன்றாவது வழி, இலக்கையே எடுத்துவிடுவது. வடிவமைப்பு ஆய்வாளர் பில் கேவரும் குழுவினரும் செய்த ‘டிரிஃப்ட் டேபிள்’ என்ற மேசையின் நடுவில் சிறு வட்டக் கண்ணாடி இருக்கும். மேசைமேல் பொருள்களை வைக்கும் எடைக்கு ஏற்ப, பிரிட்டன் நாட்டின் வான்வழிப் படம் அதன் வழியே மெதுவாக நகரும். எங்கும் போய்ச்சேர வேண்டியதில்லை. நான்காவது வழி, எண்ணப்படாததை எண்ணுவது. சும்மாப் பெட்டி அந்த வகை.

இரண்டு உத்திகளைக் கலக்க வேண்டாம். முதல் முயற்சியில் அது குழப்பத்தில்தான் முடியும்.

ஐந்தாம் படி: மலிவாகச் செய்யுங்கள், வாசகத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

சும்மாப் பெட்டி செய்வது எளிது. கைப்பேசி அடங்கும் அளவு ஒரு பெட்டி. அடியில் எடை பட்டால் அமுங்கும் சிறிய சுவிட்ச். கைப்பேசியை உள்ளே வைத்தால் நேரம் ஓடத் தொடங்கும். எடுத்தால் நின்று, எவ்வளவு நேரம் சும்மா இருந்தீர்கள் என்று ஒரு ரசீது வெளிவரும். முதல் வடிவத்தில் சுவிட்சும் இல்லை, அச்சுப்பொறியும் இல்லை. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஒரு பிளவு போட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து நானே கையால் எழுதிய சீட்டை அந்தப் பிளவு வழியாக நீட்டினேன். இப்படி ஆளே இயந்திரமாக நடித்துச் சோதிப்பது கூச்சமாக இருக்கலாம்; ஆனால் ஒரு வார நிரல் வேலையை மிச்சப்படுத்தும்.

பிறகு ஒட்டுப்பலகைப் பெட்டி, நிரல் ஏற்றி இயக்கும் ‘ஆர்டுயினோ’ என்ற சிறு மின்னணுப் பலகை, கடைகளில் பில் அடிக்கும் 58 மில்லிமீட்டர் வெப்ப அச்சுப்பொறி ஆகியவற்றுக்கு மாறினேன். இங்கே ஒரு செய்தி: இந்தச் சிறு அச்சுப்பொறிகள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. எழுத்தாக அனுப்பினால் குப்பைக் குறிகள்தான் வரும். வாசகத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றி, 384 புள்ளி அகலத்துக்குள் அடக்கி, படமாகவே அனுப்ப வேண்டும். எண்களுக்கு மட்டும் பத்துப் படங்கள் தனியாக வைத்துக்கொண்டால் நிரல் சுருங்கிவிடும்.

பொருளைவிட வாசகத்துக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நான் முதலில் எழுதிய ரசீது ‘வாழ்த்துகள், சோம்பேறியே!’ என்று தொடங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அப்பால் போனார்கள். மிக விநோதமாக இருந்தால் கலை என்று ஒதுக்கிவிடுவார்கள், மிக இயல்பாக இருந்தால் இன்னொரு பண்டமாக விழுங்கிவிடுவார்கள் என்று டன்னும் ரேபியும் எச்சரித்ததை அப்போதுதான் உணர்ந்தேன். உண்மையான செயலிகள் அனுப்பும் அறிவிப்புகளை ஒரு வாரம் சேகரித்து அவற்றின் நடையைப் படித்தேன். அவை ஒருபோதும் திட்டுவதில்லை. மரியாதையாக, உற்சாகமாக, நம்மைப் பற்றி மிகுந்த அக்கறையுடன் பேசுகின்றன. நாம் தோற்ற நாளிலும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்கின்றன. அந்தக் கனிவைத்தான் அப்படியே எடுத்துக்கொண்டேன். இறுதி வாசகம் இது: ‘அன்புடையீர், இன்று நீங்கள் 22 நிமிடம் சும்மா இருந்தீர்கள். தினசரி இலக்கு 30 நிமிடம். இன்னும் 8 நிமிடம் மட்டுமே. உங்களால் முடியும்!’ இதைப் படித்தவர்கள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

ஆறாம் படி: வீடுகளில் வையுங்கள்

கண்காட்சி மேசையில் வைத்த பொருளைப் பார்த்து மக்கள் தலையாட்டுவார்கள்; வீட்டில் வைத்த பொருளுடன் சண்டை போடுவார்கள். ஏழு நாளுக்கு மூன்று வீடுகளில் வையுங்கள். இது பரீட்சை இல்லை, சரியாகப் பயன்படுத்துவது என்று ஒன்று கிடையாது, எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெட்டிக்குள் எதையும் சேமிக்காமல் இருப்பது நல்லது. என் பெட்டியின் நினைவு ரசீது வந்ததும் அழிந்துவிடும். பெயர் நீக்கிய தரவு ஆபத்தில்லாதது என்று நினைத்தால், ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட உலக ஓட்டப் பாதை வரைபடத்தில், பாலைவன இருளுக்கு நடுவே ராணுவ முகாம்களின் வடிவம் ஒளிர்ந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியுடன் ஒரு சிறு பொட்டலமும் கொடுங்கள். கேவர், டன், பாசெண்டி ஆகியோர் 1990-களின் இறுதியில் ஒஸ்லோ, ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர் பகுதி, இத்தாலியின் பெச்சோலி ஆகிய மூன்று இடங்களில் முதியவர்களிடம் அஞ்சலட்டை, வரைபடம், ஒருமுறை பயன்படுத்தும் கேமரா ஆகியவற்றைக் கொடுத்து, தோன்றியதை எழுதியும் எடுத்தும் அனுப்பச் சொன்னார்கள். நான் கொடுத்தது ஒரு நீலப் பேனாவும், ‘ரசீது தப்பு என்று தோன்றினால் அதன்மேலேயே திருத்துங்கள்’ என்ற ஒரு வரியும் மட்டுமே.

முதல் வீட்டில் ஒரு கல்லூரி மாணவன். இரண்டாம் நாளே கைப்பேசியைப் பெட்டியில் வைத்துவிட்டு மடிக்கணினியில் படம் பார்த்து 140 நிமிடம் சேர்த்து, ரசீதைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான். ஒரு வாரத்தில் அவன் நண்பர்கள் இருவர் என்னிடம் பெட்டி கேட்டார்கள். என் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு அதைவிட நேரடியான பதில் கிடைக்காது. இரண்டாம் வீட்டில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர் மூன்றாம் நாள் பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். காரணம் கேட்டபோது, ஏற்கெனவே அலுவலக மென்பொருள் பச்சை விளக்கைக் காட்டச் சொல்கிறது, இதற்கும் ஒரு விளக்கு வேண்டுமா என்றார். இதைத் தோல்வி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பேசிய அந்தப் பத்து நிமிடம் எனக்கு மாணவனின் ஒரு வாரத்தைவிடப் பெரிது.

மூன்றாவது எங்கள் மாடி வீட்டு அம்மா. அறுபத்தெட்டு வயது, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டியை வாங்கிய மறுநாளே படியிறங்கி வந்து, ‘தம்பி, அரிசி ஊறுற நேரம் வேலை நேரமா, சும்மா இருக்கிற நேரமா? அதைச் சொல்லாம நீ பாட்டுக்குப் பெட்டியைக் குடுத்துட்டுப் போயிட்டே’ என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அரிசி ஊறுகிறது, அவர் நாளிதழ் படிக்கிறார். ஆனால் எப்போது களைய வேண்டும், எப்போது அரைக்கத் தொடங்க வேண்டும் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கிறது. அவர் பெட்டியில் வந்த ரசீதுகளில் பாதிக்கு மேல் நீலப் பேனாவால் திருத்தப்பட்டிருந்தன. 22 நிமிடம் சும்மா இருந்தீர்கள் என்று பெட்டி பாராட்டிய ஒன்றின் கீழே, வங்கிக்காரர் கையெழுத்தில், ‘சும்மா இல்லை. குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்தேன்’ என்று எழுதியிருந்தார். சமையலறையிலும் எண்ணிக்கை உண்டு, ஆனால் மூன்றாவது விசிலில் அடுப்பை அணைத்ததும் அந்த எண் தீர்ந்துபோகிறது, யாருக்கும் அனுப்பப்படுவதில்லை என்பதை நான் யோசித்திருக்கவேயில்லை.

பேட்டி எடுக்கும்போது ‘பிடித்ததா?’ என்று கேட்க வேண்டாம். பெட்டியை எப்போது பார்க்காததுபோல் கடந்து போனீர்கள், வீட்டுக்கு வந்தவர்களிடம் அதை என்னவென்று சொன்னீர்கள், எந்த ரசீதைத் தூக்கி எறிந்தீர்கள் என்று கேளுங்கள்.

ஏழாம் படி: எதிர்வாதங்களைக் கேளுங்கள்

அளவிடுவதால் பயன் உண்டு. சர்க்கரை நோயாளி ரத்தச் சர்க்கரையைக் குறித்துவைப்பதைக் கேலி செய்கிறவர், தனக்கு அந்தத் தேவை வரவில்லை என்பதைத்தான் காட்டிக்கொள்கிறார். அதே வேளையில் அளவு சில நேரம் அளக்கப்படுவதையே கெடுக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட சோதனைகளில், தாங்கள் செய்வதன் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டவர்கள் அதிகம் செய்தார்கள், ஆனால் குறைவாக ரசித்தார்கள். 2017-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், தூக்கக் கருவியின் மதிப்பெண்ணைச் சரிசெய்யும் கவலையாலேயே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி எழுதி அந்த நிலைக்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயரிட்டார்கள். ஆய்வகச் சோதனையில் ஆழ்ந்து தூங்கியதாகத் தெரிந்த பிறகும் ஒருவர், அப்படியானால் கருவி ஏன் வேறு சொல்கிறது என்று கேட்டாராம்.

விமரிசன வடிவமைப்பின் மேலேயே ஒரு குற்றச்சாட்டு உண்டு, அது நியாயமானது. லூயிசா பிராடோ, பெட்ரோ ஒலிவெய்ரா போன்ற வடிவமைப்பு ஆய்வாளர்கள் 2014 வாக்கில் எழுப்பிய வாதம் இது: இந்தத் துறை கற்பனை செய்யும் பயங்கரமான எதிர்காலங்களில் பல, உலகின் வேறு பகுதிகளில் வேறு மக்களுக்கு ஏற்கெனவே நிகழ்காலமாக இருக்கின்றன. உணவு விநியோகம் செய்யும் இளைஞருக்கு, நிமிடக் கணக்கும் மதிப்பெண்ணும் அன்றைய வரும்படியைத் தீர்மானிப்பவை. அவர் கைப்பேசியைப் பெட்டிக்குள் வைத்தால் அந்த நேரத்துக்கு அவருக்குச் சம்பாத்தியம் இல்லை. என் பெட்டி அவர் வீட்டுக்குப் போகவே முடியாது என்பதை நான் காட்சிப் பலகையில் எழுதி வைத்தேன். உங்கள் பொருள் யார் வீட்டுக்குப் போக முடியாது என்று நீங்களும் எழுதுங்கள்.

எட்டாம் படி: காட்சிக்கு வைப்பதும் காப்பாற்றி வைப்பதும்

கல்லூரியிலோ நூலகத்திலோ காட்சிக்கு வைக்கும்போது பெட்டியை நடுவில் வைத்து விளக்குப் போட வேண்டாம். ரசீதுகளும் திருத்தங்களும் முன்னால் இருக்கட்டும், பெட்டி ஓரமாக இருக்கட்டும். விளக்கக் குறிப்பு எட்டு வரிக்கு மேல் போனால் பொருள் பேசவில்லை என்று அர்த்தம். வாசகத்தை நீட்டாமல் பொருளைத் திருத்துங்கள். வீட்டுக்காரர்களின் எழுத்தைக் காட்டுவதற்கு அவர்களிடம் இரண்டாவது முறை அனுமதி கேளுங்கள். முதலில் கொடுத்த சம்மதம் பெட்டியை வைத்துக்கொள்வதற்கு மட்டுமே.

கடைசியாக ஒரு நடைமுறை எச்சரிக்கை. வெப்ப அச்சுத் தாளில் மை கிடையாது. சூட்டில் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் அது சில வாரங்களிலேயே மங்கிவிடும். ஆகவே ரசீதுகள் கைக்கு வந்த அன்றே படமெடுத்து, ஒளிநகலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. மாடி வீட்டு அம்மாவின் ரசீதுகளைப் பிளாஸ்டிக் கோப்பில் போட்டு ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துக் காட்சிக்காக எடுத்தபோது 22 நிமிடமும் இலக்கும் ‘உங்களால் முடியும்’ என்ற வரியும் மறைந்துபோய், வெற்றுத் தாளின் அடியில் குக்கர் விசில் பற்றிய அந்த நீல வரி மட்டும் இருந்தது. அதை அப்படியே மாட்டினேன்.